நெய்யாடுபாக்கத்துப் பிள்ளை



எங்க அம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. மதியம் பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்டதாலதான் அதுவரைக்கும் அனுப்பினாங்களாம். சாப்பாடு போட்ட காமராஜரை நமக்கெல்லாம் தெரியும். அவருக்குத் துணையா நின்ன ஒருத்தரைப் பத்தி எழுதுறேன். அவர்தான் நெ.து. சுந்தரவடிவேலு.

பேருக்கு முன்னாடி இருக்கிற 'நெ' அவரு பொறந்த ஊரு நெய்யாடுபாக்கம். 'து' அப்பா துரைசாமி. காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கிற அந்தக் கிராமத்துல 1912-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காஞ்சிபுரத்திலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1940-ல் காந்தம்மாளைச் சாதி பார்க்காமல் திருமணம் செய்துகொண்டார். கல்வித்துறையில் அதிகாரியாகி ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களைப் பார்த்தார்.

1954-ல் அந்தத் துறைக்கே இயக்குநர் ஆனார். பசியோட வர்ற பிள்ளைக்குப் பாடம் ஏறாதுன்னு காமராஜருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனா அரசாங்கத்துக்கிட்ட அவ்வளவு பணம் இல்லை. அதனால ஊர் மக்கள்கிட்டயே கேட்டாங்க. அரிசி, பருப்பு, காய், விறகுன்னு அவங்கவங்களால முடிஞ்சதைக் கொடுத்தாங்க. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைக் காமராஜர் தொடங்கி வைத்தார். பிறகு அரசும் செலவில் பங்கு எடுத்துக்கொண்டது.

1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். அப்புறம் பல ஊர்களிலும் நடந்தது. ஊர்க்காரர்கள் கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் எல்லாம் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாம இருக்கச் சீருடையும் வந்தது. 1961-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1993-ல் காலமானார். கடைசி வரைக்கும் ஊர்ப்பேரு அவரு பேரோடவே இருந்தது.

இதை எழுதும்போது எனக்கு மனசு உறுத்துது. என் பெரிய பையனை வேன்ல ஏத்தி செஞ்சிக்கு அனுப்புறேன். அந்த ஃபீஸுக்குத்தான் குழுவுல கடன் வாங்கினேன். சின்னவ நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறா. அங்க சமைக்கிற அக்கா நம்ம குழு உறுப்பினர்தான். ஆனா வருஷா வருஷம் பிள்ளைங்க குறையுது. என்னை மாதிரி ஆளுங்கதான் அதுக்குக் காரணம்.

நம்ம பாட்டிங்க கையில காசு இல்லாதப்பவே படி அரிசி அளந்து கொடுத்தாங்க. இன்னிக்கு நம்ம கையில சேமிப்பு இருக்கு, கூட்டம் இருக்கு, தீர்மானப் புத்தகம் இருக்கு. அடுத்த மாசக் கூட்டத்துல நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்னு ஒரு தீர்மானம் எழுதுவோம். முதல் கையெழுத்து நான் போடுறேன்.



இப்படிக்கு,
குழு உறுப்பினர், தளவானூர்