செப்பேட்டில் ஒரு மனச்சான்று

மன்னர் புகழைச் செப்பேட்டில் பொறிப்பது பழைய வழக்கம். ஆனால் மன்னரிடம் ஊதியம் பெற்றுக்கொண்டே, மன்னரும் மதவாணரும் காண விரும்பாதவற்றைச் செப்புத் தகட்டில் பொறித்து வைத்தார் ஒருவர். அவரே ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா.

1746-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள், அரகோன் பகுதியிலுள்ள புவெந்தேதோடோஸ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை பொன்முலாம் பூசும் தொழிலாளி. பதினான்காம் வயதில் சரகோசா நகரில் ஓர் ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் இத்தாலி சென்று கற்றுத் திரும்பினார். 1775 முதல் மாட்ரிட் நகரின் அரச நெசவுச்சாலைக்கு, சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளுக்கான மாதிரி ஓவியங்களை வரைந்தார். ஆட்டமும் பாட்டும் விழாவுமாகத் திகழ்ந்தன அவை. 1789-இல் அரசவை ஓவியர் ஆனார். தொழிலாளியின் மகனுக்கு இதற்குமேல் வேறென்ன வேண்டும்?

1792-இன் இறுதியில் கொடிய நோய் ஒன்று அவரைப் பற்றியது. உயிர் தப்பியது, செவி போயிற்று. அப்போது அவருக்கு வயது 46. எஞ்சிய 35 ஆண்டுகளும் ஓசையில்லாத உலகில் வாழ்ந்தார். செவி அடைபட்டபின் அவருடைய கண்ணோ முன்னிலும் கூர்மை பெற்றது. அரண்மனை ஓவியத்தில் சொல்ல முடியாததைச் சொல்ல அவர் செப்புத் தகட்டை நாடினார்.

அவர் கையாண்ட முறையை இங்கே சற்று அறிந்துகொள்வோம். செப்புத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கோடு கீறித் திராவகத்தில் இட்டால், கீறிய இடம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்கிடையே அழுத்தினால் படம் பதியும். இது எட்சிங். ஆயினும் கோட்டைக்கொண்டு நிழலின் மென்மையைக் காட்டுவது எளிதன்று. அக்குறையைத் தீர்த்தது அக்வாடின்ட் என்னும் முறை. பிசினை மாவாகப் பொடித்துத் தகட்டின்மேல் தூவி, அடியில் சூடேற்றினால், துகள்கள் இளகி ஒட்டிக்கொள்ளும். துகளுக்கும் துகளுக்கும் இடையிலுள்ள செம்பை மட்டுமே திராவகம் அரிக்கும். அச்சிடும்போது, நீரில் கரைத்த மையைத் தூரிகையால் தீட்டியதுபோல் சாம்பல் நிறம் பரவும். வெண்மையாக நிற்கவேண்டிய இடத்தை முதலிலேயே வார்னிஷ் பூசி மூடிவிடுவர். இளநிழல் வேண்டிய இடத்தைச் சிறிது நேரம் அரிக்கவிட்டு மூடுவர். எந்த இடம் நெடுநேரம் திராவகத்தில் கிடந்ததோ அந்த இடமே காரிருள். இருளை நாழிகைக் கணக்கில் அளந்து தரும் இக்கலை கோயாவின் உள்ளத்துக்கு ஏற்றதாய் அமைந்தது.

1799 பிப்ரவரியில் காப்ரிச்சோஸ் என்னும் தொகுதியை அவர் வெளியிட்டார். 80 படங்கள், விலை 320 ரியால். வாசனைப் பொருளும் மதுவும் விற்கும் கடை ஒன்றில் அவை விற்பனைக்கு வந்தன. மயக்கம் தெளிதல் என்று பொருள்படும் பெயர் கொண்டது அக்கடை இருந்த தெரு! மேசைமேல் தலை கவிழ்ந்து ஒருவன் உறங்க, ஆந்தையும் வௌவாலும் அவனைச் சூழ்ந்து பறக்கும் படம் அத்தொகுதியில்தான் உள்ளது. சிறையில் வாடும் ஒரு பெண்ணின் படத்தில் கீறிய கோடே இல்லை; முழுவதும் அக்வாடின்ட் நிழலே. மூடநம்பிக்கையும், பொருந்தா மணமும், போலித் துறவும் கோயாவின் ஏளனத்துக்குத் தப்பவில்லை. விற்றவை 27 தொகுதிகளே. 1803-இல் தகடுகளையும் எஞ்சிய 240 தொகுதிகளையும் மன்னரிடம் ஒப்படைத்து, மகனுக்கு உதவித்தொகை பெற்றார். சமய விசாரணை மன்றத்தின் தொல்லையே அதற்குக் காரணம் என்று முதுமையில் ஒரு கடிதத்தில் குறித்தார்.

1808-இல் நெப்போலியனின் படை ஸ்பெயினில் புகுந்தது. நெப்போலியனின் தமையன் அரியணை ஏறினான். கோயா அவனிடமும் பதவியில் இருந்தார்; பதக்கமும் பெற்றார். இதை மறைத்து அவரைப் புகழ்வது முறையன்று. ஆனால் 1810 முதல் அவர் வீட்டில் வேறொரு வேலையும் நடந்துவந்தது. போர்க்காலத்தில் நல்ல செம்பு கிடைப்பது அரிது. முன்பு நிலக்காட்சிகளைப் பொறித்திருந்த இரு பெருந்தகடுகளை வெட்டி, அவற்றின் பின்புறத்தில் போரின் கொடுமையைப் பொறித்தார். ஒரு பக்கம் மலையும் மரமும். மறுபக்கம் பிணமும் கண்ணீரும்!

அப்படங்களில் பிரெஞ்சு வீரர் ஸ்பானியரைக் கொல்கின்றனர். பிரெஞ்சு வீரனை வெட்டக் கோடரி ஓங்கும் ஸ்பானியனும் அங்கே இருக்கிறான். தன் நாட்டான் என்பதற்காக அவனை ஓவியர் விட்டுவிடவில்லை. 1811-12-இல் மாட்ரிட்டைத் தின்ற பஞ்சமும் அங்கே நிற்கிறது. போர் முடிந்து பழைய மன்னன் மீண்டான். சமய விசாரணை மன்றமும் மீண்டது. கோயா அத்தொகுதியை வெளியிடவில்லை. சோதனைப் படிகளைக் கட்டி நண்பர் ஒருவருக்கு அளித்ததோடு நின்றார்.

1824-இல் ஸ்பெயினை விட்டுப் பிரான்சின் போர்தோ நகர் சென்றார். எண்பதை நெருங்கும் அந்த வயதிலும், அந்நாளில் புதிதாயிருந்த கல்லச்சு முறையில் காளைப் போர்க் காட்சிகளை வரைந்தார். 1828 ஏப்ரல் 16-இல் அங்கேயே மறைந்தார். போரின் கொடுமைகள் என்னும் அத்தொகுதி 1863-இல், அவர் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின்னரே, 80 படங்களுடன் வெளிவந்தது.

நண்பர்களே! பட்டம் பெற்று நாமும் நாளை ஏதோ ஓர் அலுவலகத்தில் ஊதியத்துக்கு அமர்வோம். மேலிடத்துக்கு வேண்டியதை வரைந்து கொடுக்கும் நாள் பல வரும். கோயாவுக்கும் வந்தது, அவரும் வரைந்து கொடுத்தார். ஆயினும், கண்டதைக் கண்டவாறு பொறிக்க ஒரு தகட்டை வீட்டில் வைத்திருந்தார். நம் வீட்டில் அப்படி ஒரு தகடு இருக்குமா?