தாயின் பாட்டு, மகளின் அபிநயம்

விரல்கள் சுழன்று விரிந்தால் தாமரை; மோதிரவிரலும் கட்டைவிரலும் தொட்டால் மயில். கிளியின் அலகு, மானின் தலை, பூவை மொய்க்கும் வண்டு எனப் பரதநாட்டியத்தின் கைமுத்திரைகளுள் பல இயற்கையைப் பார்த்தே பெயர் பெற்றவை. ஆனால், விரலை மடக்கிவிட்டால் மயில் வந்துவிடாது. பாட்டின் பொருளும் இசையும் அக்கைக்குள் புகவேண்டும். பாலசரசுவதியின் கைகளுக்குள் புகுந்த பாட்டு, அவர்தம் தாய் ஜெயம்மாளுடையது.

இக்குடும்பத்தின் வேர் தஞ்சையில் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இசையும் ஆடலும் நிகழ்த்திய பாப்பம்மாளிடமிருந்து தாய்வழியாகக் கலை இறங்கி வந்தது. பின்னாளில் குடும்பம் சென்னையில் குடியேறியது. காவிரிக்கரையை விட்டு வந்தாலும் அங்கு வளர்ந்த பாட்டை அவர்கள் கைவிடவில்லை. தஞ்சை நாயக்கர் காலத்தில் சிறப்புற்ற க்ஷேத்திரய்யரின் பதங்கள் அவ்வீட்டின் பெருஞ்செல்வம். வீணை தனம்மாள் அவற்றை விரைவின்றி, நுட்பமாக இசைப்பதில் இணையற்றவர். அவர் மகள் ஜெயம்மாள். ஜெயம்மாளின் மகளாக 1918 மே 13 அன்று பாலசரசுவதி பிறந்தார். பாப்பம்மாளிடமிருந்து எண்ணினால் ஏழாம் தலைமுறை.

அது ஆடற்கலைக்கு நல்ல காலமன்று. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிரான இயக்கம் வலுத்திருந்தது. அவ்வழக்கத்தால் பெண்கள் துன்புற்றனர் என்பது உண்மை. வழக்கத்தோடு சேர்த்துக் கலையையும் கலைஞரையும் இழித்துப் பேசியோர் இருந்தனர் என்பதும் உண்மையே. மகளை ஆடவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதை ஜெயம்மாள் அறியாதவரல்லர். அறிந்தும், தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பா பிள்ளையிடம் மகளை ஒப்படைத்தார். கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஆசான் அவர். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயிலொன்றில் பாலசரசுவதியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அபிநயத்தை மயிலாப்பூர் கௌரி அம்மாள் முதலியோரிடமும் அவர் கற்றார்.

மேடையில் தாய் பாட, மகள் ஆடினார். பின்பாட்டு என்று இதனைச் சொல்லிவிடுவது குறைவாகும். பிரிவுற்ற தலைவிக்கு நிலவு சுடுகிறது என்பது ஒரு பதத்தின் வரி எனக் கொள்வோம். முதன்முறை வரி எளிமையாக ஒலிக்கும்; ஆடுபவர் நிலவை நிமிர்ந்து பார்ப்பார். மீண்டும் அதே வரி வேறொரு சங்கதியோடு வரும். இப்போது கை முகத்தை மறைக்கும். மூன்றாம் முறை குரல் தாழும். நிலவோடு பிணங்கிய கண்கள், அது தன் தோழிதான் என்பதுபோல் கனியும். இவற்றுள் பெரும்பகுதி முன்கூட்டி வகுக்கப்படுவதன்று, அந்நேரத்தில் பிறப்பது. பாடுபவர் எத்திசையில் செல்வார் என ஆடுபவரும், ஆடுபவர் எதனை விரும்புவார் என மற்றவரும் உணர்ந்திருக்கவேண்டும். ஒரே வீட்டில் ஒரே இசையைக் கேட்டு வாழ்ந்த தாய்க்கும் மகளுக்கும் இது எளிதில் கைகூடியது. பாலசரசுவதியே தேர்ந்த பாடகர்; ஆடிக்கொண்டே பாடவும் வல்லவர். இசையைக் கண்ணால் காணச் செய்வதே நடனம் என்பது அவர் கொள்கை.

1933இல் சென்னை மியூசிக் அகாதெமியிலும், மறு ஆண்டு கல்கத்தாவிலும் அவர் ஆடினார். பின்னர் ஆசானின் மறைவும் உடல்நலக் குறைவும் வாய்ப்புக் குறைவும் சேர்ந்து அவரை வருத்தின. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. அதே கலை, வேறு குடும்பத்துப் பெண்கள் பயிலும்போது மதிப்புப் பெற்றதையும் அவர் கண்டார். எனினும் தம் மரபின் பதங்களை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1953இல் மியூசிக் அகாதெமியின் துணையோடு நடனப்பள்ளி தொடங்கினார். 1957இல் பத்மபூஷண் விருது வந்தது. 1962இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு எடின்பரோ விழாவிலும் ஆடினார். மியூசிக் அகாதெமி இசைவாணர்க்கு வழங்கும் சங்கீத கலாநிதி பட்டம் 1973இல் இந்நடனக் கலைஞருக்குக் கிடைத்தது.

1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதில் அவர் கடற்கரையில் ஆடுகிறார். காற்று புடவையைப் பறிக்கிறது. பின்னே அலைகள் புரள்கின்றன. அவரோ வராத கண்ணனைத் தாயாக நின்று அழைத்துக்கொண்டிருக்கிறார்.

பாலசரசுவதியின் மகள் இலட்சுமியும் தாயிடமே பயின்று மேடையேறினார். 1984 பிப்ரவரி 9 அன்று பாலசரசுவதி மறைந்தபின், அந்தப் பழைய பதங்களை இலட்சுமி இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஆடியும் கற்பித்தும் வந்தார்.