நுண்ணுயிர் அறிஞர் தியோபால்டு ஸ்மித்

பன்றி என்றதும் முகம் சுளிப்பவர் நம்மில் பலர். பன்றிக் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றியதே என் முதுநிலைப் படிப்பு என்று சொன்னால் விடுதியில் சிரிப்பு எழுகிறது. சிரிக்கும் நண்பர்களுக்கு ஒருவரை அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் பெயர் தியோபால்டு ஸ்மித்.

1859-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள், தந்தை தையற்காரர். வீட்டு மொழி ஜெர்மன். அயல் மண்ணில் தாய்மொழியால் என்ன பயன் என்று கேட்போர் சற்றே கவனிக்க வேண்டும். அந்நாளில் நுண்ணுயிர் இயலின் புதிய முறைகளை ராபர்ட் காக் ஜெர்மன் மொழியில் எழுதி வந்தார். ஸ்மித் அவற்றைப் படித்தே அக்கலையைக் கற்றார். தாய்மொழியே அவருக்கு ஆய்வகத்தின் கதவைத் திறந்தது.

1883-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் மருத்துவத் தொழிலை நாடவில்லை. அரசு வேளாண்மைத் துறையின் கால்நடைப் பிரிவில், டேனியல் சால்மன் என்பவரின் கீழ்ப் பணியில் அமர்ந்தார். அப்போது 'பன்றிக் காலரா' என்னும் கொள்ளைநோய் பண்ணைகளைச் சூறையாடிக்கொண்டிருந்தது. நோயுற்ற பன்றிகளின் உடலிலிருந்து ஸ்மித் 1885-இல் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். நோய்க்குக் காரணம் அதுவே என இருவரும் அறிவித்தனர். சூட்டினால் கொல்லப்பட்ட அக்கிருமிகளைப் புறாக்களுக்குச் செலுத்தி, செத்த கிருமியும் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தரும் என்று 1886-இல் மெய்ப்பித்தனர்.

உழைத்தவர் ஸ்மித், புகழோ தலைவருக்குப் போயிற்று. 1900-இல் அந்தப் பாக்டீரியா இனத்திற்குச் 'சால்மனெல்லா' என்று பெயர் சூட்டினார்கள். அதோடும் முடியவில்லை. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒன்றே பன்றிக் காலராவுக்குக் காரணம் என்று 1903-இல் அதே பிரிவின் ஆய்வாளர்கள் காட்டினர். அது ஒரு வைரஸ் என்று இன்று அறிவோம்.

அப்படியானால் ஸ்மித்தின் உழைப்பு வீணா? இல்லை. வைரஸ் பன்றியின் வலிமையைக் குலைத்ததும், சமயம் பார்த்துப் பெருகிய எதிரிதான் அவர் கண்ட பாக்டீரியா. கிருமி இருப்பதனால் மட்டும் நோய் வருவதில்லை. அதைச் சுமக்கும் உடலின் நிலையும் நோயைத் தீர்மானிக்கிறது. இந்த உண்மையைத்தான் அவருடைய பிற்கால ஆய்வுகள் தொடர்ந்து துலக்கின. மாட்டுக் காய்ச்சலை உண்ணி பரப்புவதை 1893-இல் கில்போர்னுடன் சேர்ந்து நிறுவினார். 1896 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். பின்னர் பிரின்ஸ்டனில் ராக்பெல்லர் ஆய்வுக்கூடத்தில் விலங்கு நோயியல் துறைத் தலைவர். அங்கே 1922-இல், சீம்பால் பெறாத கன்றுகள் குடல் பாக்டீரியாவுக்கு எளிதில் இரையாவதை விளக்கினார். 1934-இல் மறைந்தார்.

இன்றைய பண்ணைப் பன்றிக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! காட்டில் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பால் மறக்கும் குட்டி, பண்ணையில் மூன்று நான்கு வாரங்களிலேயே தாயைப் பிரிகிறது. அறியாத கூட்டத்தோடு அடைபடுகிறது. உணவு செல்வதில்லை. விடுதிக்கு வந்த முதல் வாரத்தை நினைத்துப் பார்த்தால் அதன் துயரம் நமக்கும் விளங்கும்! குடலின் உட்சுவர் மெலிகிறது, கழிச்சல் வருகிறது. இறைச்சிக்கூடத்திற்கு வண்டியில் ஏற்றப்படும் பன்றியோ, அதுவரை அடங்கிக் கிடந்த சால்மனெல்லாவைச் சாணத்தில் மிகுதியாக வெளியேற்றத் தொடங்குகிறது. அச்சத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் சில குடல் பாக்டீரியாக்களின் வளர்ச்சியை ஆய்வகத்திலேயே விரைவுபடுத்துகிறது.

இவற்றையெல்லாம் மருந்தால் மட்டும் அடக்க முற்பட்டதன் விளைவை உலகம் கண்டது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முற்றிலும் தடுத்தது. விலங்கின் நலத்தைப் பேணாமல் கிருமியை வெல்ல முடியாது என்பதை நாம் மெல்லக் கற்று வருகிறோம்.

நண்பர்களே, முதல் கண்டுபிடிப்பில் பெயர் கிட்டவில்லை. அதன் முடிவும் நிலைக்கவில்லை. ஆயினும் ஸ்மித் ஆய்வை விட்டு அகலவில்லை. பன்றித் தொழுவத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் உண்மையைத் தேடினார். அவர் தேடிய வழியில் நானும் ஒரு சிறு மாணவன் என்பதில் எனக்குப் பெருமையே.