யார் இந்த 'யானை டாக்டர்'? காட்டு யானையின் மனசைப் படித்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் கதை

2023 ஜூன் மாதம். தேனி மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானையை ஏற்றிய லாரி, மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை மலைப்பாதையில் ஏறியது. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் டீக்கடை பேச்சு முழுக்க அந்த யானைதான். கீழே இறங்கி ஊருக்குள்ள வந்துடுமா? வாழைத்தோப்பு என்ன ஆகும்? இப்படி ஏகப்பட்ட கேள்விகள்.

யானையைப் பிடிப்பது, மயக்க ஊசி, கும்கி, மதம், மக்னா... இந்த வார்த்தைகள் எல்லாம் இன்னைக்கு செய்திகளில் சாதாரணமாக வருகிறது. ஆனால் காட்டு யானை ஏன் இப்படி நடந்துக்குது என்று பக்கத்தில் போய்ப் பார்த்து, தொட்டுப் பார்த்து, செத்த பிறகும் அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு தமிழ்நாட்டு டாக்டர் இருந்தார். அவர்தான் டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி. வனத்துறையில் எல்லோருக்கும் அவர் 'டாக்டர் கே'. வெளியே 'யானை டாக்டர்'.

யார் இவர்? என்ன செய்தார்? மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறவர்களுக்கு அவர் வாழ்க்கையில் என்ன பாடம் இருக்கு? விரிவாகப் பார்ப்போம்.

மரம் இழுத்த யானைகளுக்கு ஒரு டாக்டர்

கிருஷ்ணமூர்த்தி படித்தது கால்நடை மருத்துவம். பொதுவாக இந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு மாடு, ஆடு, கோழி என்றுதான் வேலை அமையும். இவருக்கு அமைந்தது காடு. தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவராக ஆனைமலை டாப்சிலிப், நீலகிரி முதுமலை ஆகிய இடங்களில் இருந்த யானை முகாம்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது.

அந்தக் காலத்து யானை முகாம் இன்னைக்கு நாம பார்க்கிற மாதிரி சுற்றுலா இடம் கிடையாது. காட்டில் வெட்டிய தேக்கு, ஈட்டி மரங்களை இழுத்து வந்து சேர்க்கிற வேலை யானைகளுக்கு. கால் புண், முதுகுப் புண், குடல் புழு, சங்கிலி உரசிய காயம் என்று தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். இதற்கெல்லாம் மருந்து எவ்வளவு கொடுக்கணும், யானையின் எடையை எப்படிக் கணக்கிடணும் என்பதற்கு அன்றைக்கு முழுமையான பாடப்புத்தகம் இல்லை. வேலை செய்துகொண்டேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருக்குக் கைகொடுத்தவர்கள் மலசர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடி சமூகங்களைச் சேர்ந்த பாகன்களும் காவடிகளும். யானையின் காது அசைவை வைத்தே அதன் மனநிலையைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். மருத்துவ அறிவும் அந்த அனுபவ அறிவும் முகாமில் ஒன்று சேர்ந்தது.

முகாம் யானை வழியாகக் காட்டு யானை

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. தமிழ்நாட்டு முகாம்களில் யானைகளை ராத்திரி காட்டுக்குள் மேய விடுவார்கள். காலையில் பாகன் தடம் பார்த்துப் போய் கூட்டி வருவார். அந்த நேரத்தில் முகாமின் பெண் யானைகள் காட்டு ஆண் யானைகளோடு சேரும். அப்படித்தான் முகாமில் பல குட்டிகள் பிறந்தன. அதாவது, இந்த யானைகள் பாதி நாள் காட்டு யானையாகவே வாழ்ந்தன.

அதனால் எந்த வயதில் என்ன உயரம், எந்த வயதில் முதல் குட்டி, எத்தனை வருஷ இடைவெளியில் அடுத்த குட்டி, எந்த நோயில் சாவு என்று முகாமில் எழுதி வைத்த பதிவேடுகள் எல்லாமே காட்டு யானையைப் புரிந்துகொள்ள உதவும் தகவல்கள் ஆனது. யானையின் கர்ப்பக் காலமே 18 முதல் 22 மாதம். ஒரு யானையின் முழு வாழ்க்கையைப் பார்க்க ஒரு மனுஷனுக்கு முழு சர்வீஸும் போதாது. ஆகவே இந்தப் பதிவேடுகளுக்கு மதிப்பு அதிகம்.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் யானை ஆய்வாளர் ராமன் சுகுமாருடன் சேர்ந்து அவர் 1988-ல் ஆசிய யானையின் வளர்ச்சி பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1995-ல் மரம் இழுக்கும் யானைகளின் மருத்துவப் பராமரிப்பு பற்றியும், 1997-ல் தென்னிந்திய முகாம் யானைகளின் பிறப்பு இறப்பு பற்றியும் அவர் பங்களித்த கட்டுரைகள் சர்வதேச இதழில் வந்தன.

செத்த யானையிடம் கேட்ட கேள்வி

டாக்டர் கே பெயர் அதிகம் பேசப்படுவது பிரேதப் பரிசோதனைக்காகத்தான். காட்டில் ஒரு யானை செத்துக் கிடந்தால், எப்படிச் செத்தது என்பதை அறுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அதற்கான முறையான நடைமுறையை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் நாலு டன் உடல், பல நாள் அழுகி, புழு வைத்து, கிட்டவே நிற்க முடியாத நாற்றத்தில் கிடக்கும். தூக்க முடியாது, நகர்த்த முடியாது. அந்த இடத்திலேயே அதன் மேலே ஏறி நின்றுதான் வேலை செய்யணும்.

ஏன் இவ்வளவு சிரமம்? தந்தத்துக்காக யானைகள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்ட காலம் அது. ஆசிய யானையில் ஆணுக்கு மட்டும்தான் பெரிய தந்தம். ஆகவே ஆண் யானைகளே குறிவைக்கப்பட்டன. கேரளாவின் பெரியாறு பகுதியில் சுமார் நூறு பெண் யானைக்கு ஒரு வளர்ந்த ஆண் யானை என்ற அளவுக்கு நிலைமை போனது. உடலுக்குள் குண்டு இருக்கா, மின்சாரம் தாக்கியதா, விஷமா, நோயா என்று தெரியாமல் இயற்கை மரணம் என்று எழுதிவிட்டால் குற்றவாளி தப்பிப்பான். அறுத்துப் பார்த்தால்தான் வழக்கு நிற்கும்.

இன்னைக்கு மின்வேலி, அவுட்டுக்காய் என்று யானை சாகும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததா என்று நாம கேட்கிறோம் இல்லையா? அந்தக் கேள்வி வழக்கமானதற்கு இவர் மாதிரி ஆட்கள்தான் காரணம்.

கொலைகார யானைக்கு டாக்டர் பெயர்

அவர் வாழ்க்கையில் பலருக்கும் தெரிந்த சம்பவம் 1998-ல் நடந்தது. கேரளா, கூடலூர் எல்லையில் ஒரு மக்னா (தந்தம் இல்லாத ஆண் யானை) இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. கேரளாவில் அதைச் சுட்டுக் கொல்ல உத்தரவே போட்டாச்சு. யானை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. இங்கேயும் உயிர்ப்பலி.

தமிழ்நாடு எடுத்த முடிவு வேறு. 1998 ஜூலை 12 அன்று கூடலூர் வனப்பகுதியில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். அதன் உடலைப் பார்த்தபோதுதான் இன்னொரு பக்கம் தெரிந்தது. உடம்பு முழுக்க பழைய துப்பாக்கிக் காயங்கள். தெப்பக்காடு முகாமில் அதற்கு சிகிச்சை கொடுத்தார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. அந்த நன்றிக்காக யானைக்கு 'மூர்த்தி' என்று பெயர் வைத்தார்கள்.

பல உயிர்களைக் குடித்த அதே மூர்த்தி, முகாமின் மிக சாந்தமான யானைகளில் ஒன்றாக மாறியது. குழந்தைகள்கூட கிட்டப் போகும் அளவுக்கு. 26 வருஷம் முகாமில் வாழ்ந்து, 2024 அக்டோபரில் வயது மூப்பால் இறந்தது.

மூர்த்தி செய்த கொலைகளை இது நியாயப்படுத்தாது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது ஆறாத காயம்தான். ஆனால் ஒரு யானை ஆளைக் கண்டாலே பாய்கிறது என்றால், அதற்கு முன்பு மனுஷன் அதற்கு என்ன செய்தான் என்ற கேள்வியை மூர்த்தியின் உடம்பு எழுப்பியது. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை வீசியதில் ஒரு யானை செத்ததும் இதே நீலகிரியில்தான்.

கடைசி வருடங்கள்

2000-ல் வேணு மேனன் அறக்கட்டளையின் வாழ்நாள் சாதனையாளர் விருது அவருக்குக் கிடைத்தது. 2002-ல் மறைந்தார். அடுத்த வருஷம், 2003-ல், கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் முதுமலையில் தொடங்கியது. இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவராக அவர் பெயரும் சொல்லப்படுகிறது. நெல்லையப்பர் கோயில் காந்திமதியும் இந்த மாதிரி முகாம்களுக்கு லாரி ஏறிப் போய் வந்ததை நெல்லைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எழுத்தாளர் ஜெயமோகன் 2011-ல் எழுதிய 'யானை டாக்டர்' கதை அவர் பெயரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. காட்டில் வீசும் பீர் பாட்டில் யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று அந்தக் கதையில் படித்தவர்கள், மலைக்குப் போகும்போது பாட்டிலைத் தூக்கி வீச யோசிப்பார்கள். யானையின் பாதம் பார்க்கத்தான் உரல் மாதிரி. அடிப்பாகம் மெத்தை போன்றது. கண்ணாடி ஏறினால், அத்தனை எடையும் அழுத்த அழுத்த உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கால் ஊன்ற முடியாத யானையால் இரை தேட முடியாது. நாளுக்கு 150 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டிய உயிர் அது. பட்டினிதான் முடிவு. ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும், லீவு நாளில் மணிமுத்தாறு அருவிக்கும் போகிறவர்கள் இதை மனதில் வைக்கணும்.

அடிவாரத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988 முதல் இருக்கிறது. 2022-ல் இந்தப் பகுதியை உள்ளடக்கி 1,197 சதுர கி.மீ. பரப்பில் அகத்தியமலை யானைகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. அதாவது, தாமிரபரணி உருவாகும் மலையில் யானை இருக்கும், அவ்வப்போது கீழேயும் வரும். நாட்டில் ஆண்டுக்கு சுமார் 500 பேர் யானை தாக்கி இறக்கிறார்கள். பயப்படுவதைவிட அதன் குணத்தைப் புரிந்து வைத்திருப்பது நல்லது.

* காதை விரித்து நின்றால்: உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். அசையாமல் காதை விரித்து, தலையைத் தூக்கி நிற்பது எச்சரிக்கை. முகத்தை அதன் பக்கமே வைத்து, மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.
* பொய்ப் பாய்ச்சல்: சத்தம் போட்டபடி ஓடிவந்து பாதியில் நின்றுவிடும். விரட்டத்தான் இது. ஆனால் தும்பிக்கையைச் சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்தால் நிஜப் பாய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளணும். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்து சோதித்துப் பார்க்க வேண்டாம்.
* மதநீர்: கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் நீர் வழிந்தால் ஆண் யானை மதத்தில் இருக்கு. இது நோய் இல்லை, இனப்பெருக்க காலத்து உடல் மாற்றம். சில வாரம் முதல் சில மாதம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் செல்லாது.
* குட்டி இருந்தால்: கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவில் போகவே கூடாது. ஒரு யானை தெரிந்தால் பக்கத்தில் இன்னும் சில இருக்கும் என்றே நினைக்கணும்.
* வண்டியில் போகும்போது: தூரத்திலேயே நிறுத்தி, வழி விட்டுக் காத்திருக்கணும். ஹாரன், பிளாஷ், செல்ஃபி வேண்டாம். பைக்கில் விடியற்காலையும் ராத்திரியும் மலைப்பாதையைத் தவிர்ப்பது நல்லது.
* தோட்டக் காவல்: தரையில் தனியாகப் படுக்க வேண்டாம். யானைக்குப் பார்வை மந்தம், மோப்ப சக்தி அபாரம். பழுத்த வாழை, பலா, சாராய வாடை எல்லாம் அதைக் கூப்பிடும்.
* ஓடித் தப்பலாமா? மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் யானையால் வர முடியும். கையில் இருக்கும் பையையோ துண்டையோ கீழே போட்டுவிட்டு, பெரிய மரம், பாறை மறைவுக்குப் போவது மேல்.
* தடம் பார்த்தால்: முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல ரெண்டு மடங்குதான் ஏறக்குறைய யானையின் உயரம். லத்தி சூடாக, ஈரமாக இருந்தால் யானை பக்கத்தில்தான் இருக்கு. திரும்பிவிடணும்.
* சத்தமே இல்லையே என்று நம்ப வேண்டாம்: மனுஷக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்ளும். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளிடம்தான் இது முதலில் கவனிக்கப்பட்டது.

யானை ஊருக்குள் வந்தால் கூட்டம் கூடி விரட்டுவதும், கல் எறிவதும், வெடி போடுவதும் நிலைமையை மோசமாக்கும். மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் இருப்பதுதான் சரி. பயிர் சேதமாகியிருந்தால் அந்த இடத்தைக் கலைக்காமல் போட்டோ எடுத்து வைத்து, இழப்பீட்டுக்கு அங்கேயே மனு கொடுக்கலாம்.