ஒரே பட்டனில் டயல்: யார் இந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர்?

ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டர், பழைய வங்கிக் கிளை, அரசு அலுவலகம்... இங்கெல்லாம் ஏதாவது ஒரு மூலையில் இன்னமும் ஃபேக்ஸ் மெஷின் இருக்கலாம். அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன பட்டன்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டு: ஹெட் ஆபீஸ், ஆடிட்டர், இன்ஷூரன்ஸ். அடிக்கடி தேவைப்படும் நம்பரை ஒரு தடவை பதிந்து வைத்தால் போதும். அடுத்த முறை பேப்பரை வைத்து அந்த ஒரு பட்டனை அழுத்தினால் மெஷினே டயல் செய்துவிடும். இதுதான் ஒன் டச் டயல். பட்டன் போதாதபோது, இரண்டு இலக்கக் குறியீடு கொடுத்துச் சேமிப்பது ஸ்பீடு டயல்.

இதே மெஷினின் செட்டிங்ஸுக்குள் போனால் ஒரு கேள்வி வரும். டயல் முறை டோனா, பல்ஸா? நம்மில் பலர் யோசிக்காமல் டோன் என்று அழுத்திவிட்டுப் போய்விடுவோம். ஆனால், அந்த 'பல்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதரின் சந்தேகம் இருக்கிறது. அவர் இன்ஜினீயர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. இறந்தவர்களின் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் கடைக்காரர். பெயர் ஆல்மன் பிரவுன் ஸ்ட்ரோஜர்.

டயலே இல்லாத போன்

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளணும். 1876-ல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியபோது, அதில் எண்களும் இல்லை, டயலும் இல்லை. போனை எடுத்தால் எதிர்முனையில் ஓர் ஆபரேட்டர் பேசுவார். யாரோடு பேச வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் முன்னால் உள்ள பலகையில் ஒரு ஒயரை எடுத்து, சரியான துளையில் செருகி இணைப்புக் கொடுப்பார்.

ஆரம்பத்தில் இந்த வேலைக்குப் பதின்ம வயதுப் பையன்களைத்தான் வைத்தார்கள். அவர்களின் குறும்பையும் வாய்த்துடுக்கையும் வாடிக்கையாளர்கள் தாங்கவில்லை. 1878-ல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். அதன்பின் இது பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே மாறியது.

யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தக் கடைக்கு எத்தனை அழைப்பு வருகிறது, யார் வீட்டில் என்ன விசேஷம்... எல்லாம் ஆபரேட்டருக்குத் தெரியும். ஊரின் மொத்தத் தகவலும் ஒரே நாற்காலியைத் தாண்டித்தான் போகும். அந்த நாற்காலியில் இருப்பவர் நேர்மையாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இல்லையென்றால்?

வாத்தியார், படைவீரர், சவப்பெட்டிக் கடைக்காரர்

ஸ்ட்ரோஜர் பிறந்தது 1839 பிப்ரவரி 11. ஊர், அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ராச்செஸ்டர் நகருக்குப் பக்கத்திலுள்ள பென்ஃபீல்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது வடக்குத் தரப்பில் குதிரைப்படையில் சேர்ந்தார். பள்ளி ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். பிறகு மேற்கே நகர்ந்து, கேன்சஸ் மாகாணத்தில் இறுதிச் சடங்குத் தொழிலில் இறங்கினார். கடைசியில் மிசூரியின் கேன்சஸ் சிட்டியில் கடை போட்டார்.

இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. துணிக்கடை என்றால் நாலு கடை ஏறி இறங்குவார்கள். துக்க வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரே ஒரு போன். யார் எடுக்கிறாரோ அவருக்குத்தான் வேலை. அந்த ஒரு அழைப்பு தவறினால் அந்த வருமானம் போனது போனதுதான்.

சந்தேகம் எப்படி வந்தது?

தொலைபேசி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. ஸ்ட்ரோஜரின் கடைக்கு வர வேண்டிய அழைப்புகள் குறைய ஆரம்பித்தன. அதே ஊரில் அவருக்கு ஒரு போட்டியாளர். அந்தப் போட்டியாளரின் மனைவிதான் தொலைபேசி நிலைய ஆபரேட்டர். ஸ்ட்ரோஜரைக் கேட்டு யார் போன் செய்தாலும், அந்தம்மா இணைப்பைத் தன் கணவர் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரோஜர் நம்பினார். ஊரும் உறவுமுறையும் சொல்பவருக்குச் சொல்பவர் கொஞ்சம் மாறும். ஆனால், சந்தேகம் அதேதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கேன்சஸ் சிட்டி தொலைபேசி நிறுவனத்தில் அப்போது மேலாளராக இருந்தவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது வேறு மாதிரி இருக்கிறது. ஸ்ட்ரோஜர் ஓயாமல் புகார் கொடுத்ததால் நேரில் போய்ப் பார்த்தார்களாம். கடைக்கு வெளியே தொங்கிய பெயர்ப் பலகை, காற்றில் ஆடும்போதெல்லாம் தொலைபேசி ஒயரில் பட்டு லைனை முடக்கியிருக்கிறது. அதாவது, அழைப்பு திருடுபோகவே இல்லை!

இரண்டில் எது முழு உண்மை என்று இன்றைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டாவது கதைதான் சரியென்றால், அந்தப் பெண் செய்யாத தப்புக்கு நூறு வருஷத்துக்கும் மேலாகப் பழி சுமந்துகொண்டிருக்கிறார். ஆனால், ஸ்ட்ரோஜரைக் குடைந்த கேள்விக்கு இரண்டு கதையிலும் அர்த்தம் இருக்கிறது. நடுவில் இருப்பவர் சரியாகத்தான் இணைக்கிறார் என்பதை, போன் வைத்திருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது? அன்றைய அமைப்பில் அதற்கு வழியே இல்லை.

காலர் பெட்டியும் குண்டூசியும்

ஆபரேட்டரை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவதோடு ஸ்ட்ரோஜர் நிற்கவில்லை. ஆபரேட்டரே தேவைப்படாத ஓர் ஏற்பாட்டை யோசித்தார். அந்தக் காலத்தில் சட்டைக் காலர் தனியாக வரும். அதை வைக்க வட்டமான அட்டைப்பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியில் வரிசை வரிசையாகக் குண்டூசிகளைக் குத்தித் தன் முதல் மாதிரியை அவர் செய்தார் என்கிறார்கள். ஒவ்வொரு ஊசியும் ஒரு வீட்டின் போன். நடுவில் ஒரு கை. அழைப்பவர் அனுப்பும் மின் துடிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்தக் கை நகர்ந்து, சரியான ஊசியில் போய் நிற்கும்.

இதற்காக 1889 மார்ச் 12-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1891 மார்ச் 10-ல் கிடைத்தது. அமெரிக்கக் காப்புரிமை எண் 4,47,918.

யோசனை பின்னால் மெருகேறி, உலகம் முழுக்கப் பரவிய வடிவம் ரொம்ப எளிமையானது. 47 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் 4 துடிப்பு வரும். கை நான்கு படி மேலே ஏறும். அடுத்து 7 துடிப்பு. கை பக்கவாட்டில் ஏழு படி நகரும். நின்ற இடம்தான் 47-ம் நம்பர் வீடு. பத்து வரிசை, வரிசைக்குப் பத்துப் புள்ளி என நூறு இணைப்புகள். எண் நீளமானால் இப்படிப்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொள்ளலாம்.

லா போர்ட்டில் முதல் அழைப்பு

காப்புரிமை கையில் இருந்தால் மட்டும் போதுமா? பணமும் ஆட்களும் வேண்டுமே. சகோதரர் மகன் வால்டர் ஸ்ட்ரோஜர், ஜோசப் ஹாரிஸ், மோசஸ் மேயர் ஆகியோர் கைகொடுக்க, 1891-ல் நிறுவனம் உருவானது. 1892 நவம்பர் 3-ல் இண்டியானா மாகாணத்தின் லா போர்ட் என்ற சிறு நகரில் முதல் தானியங்கித் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. சந்தாதாரர்கள் சுமார் 75 பேர்.

அப்போதும் வட்டமான டயல் கிடையாது. போனில் பட்டன்கள்தான். 47 வேண்டுமென்றால் ஒரு பட்டனை நாலு தடவை, இன்னொன்றை ஏழு தடவை அழுத்தணும். எண்ணிக்கை ஒன்று பிசகினால் வேறு யார் வீட்டிலோ மணி அடிக்கும். இந்தத் தலைவலிக்குத் தீர்வாக விரல் விட்டுச் சுற்றும் டயல் 1896-ல் வந்தது. அதை உருவாக்கியவர்கள் அவருடைய நிறுவனத்தின் பொறியாளர்களான கீத்தும் எரிக்சன் சகோதரர்களும். எனவே, டயலையும் ஸ்ட்ரோஜரே கண்டுபிடித்தார் என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம்.

பத்தாயிரம் டாலரோடு விடைபெற்றவர்

ஸ்ட்ரோஜர் 1896-ல் தன் காப்புரிமைகளை 1,800 டாலருக்குக் கூட்டாளிகளிடம் கொடுத்தார். 1898-ல் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை 10,000 டாலருக்கு விற்றார். உடல்நிலை சரியில்லாததால் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குக் குடியேறினார். 1902 மே 26-ல், 63 வயதில் காலமானார்.

அவர் போன பிறகுதான் கணக்கு மாறியது. 1916-ல் அந்தக் காப்புரிமைகளுக்குப் பெல் நிறுவனம் கொடுத்த தொகை 25 லட்சம் டாலர். ஆபரேட்டர்களையே நம்பியிருந்த அந்தப் பெல் நிறுவனம், 1919-ல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் டயல் சேவையைத் தொடங்கியது. பிரிட்டனில் ஸ்ட்ரோஜர் முறை 1912-ல் எப்சம் நகரில் நுழைந்தது. அங்கே கடைசி ஸ்ட்ரோஜர் நிலையம் மூடப்பட்டது 1995-ல். இந்தியாவில் 1948-ல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ. நிறுவனம் தயாரித்ததும் இதே ஸ்ட்ரோஜர் கருவிகளைத்தான். நம் தாத்தா பாட்டி காலத்து கறுப்பு போனில் டயலைச் சுற்றிவிட்டால் கடகடவென்று திரும்பி வருமே, அப்போது தொலைபேசி நிலையத்தில் இப்படி ஒரு கை படியேறிக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. நகரம் நகரமாக டயல் வர வர, வெளியே போய்ச் சம்பாதிக்க இளம் பெண்களுக்குக் கிடைத்திருந்த சில வேலைகளில் ஒன்று சுருங்கிப்போனது. ஒரு கடைக்காரருக்கு ஒரு ஆபரேட்டர் மேல் வந்த சந்தேகத்தின் பலனை, அவர் முகமே பார்க்காத பல பெண்கள் அனுபவித்தார்கள்.

ஃபேக்ஸ் மெஷினுக்கு எப்படி வந்தது?

ஸ்ட்ரோஜருக்குப் பிறகு, அழைப்பு என்பது வெறும் எண்களின் வரிசை. எண் என்றால் அதை எங்கேயாவது பதிந்து வைக்கலாம் இல்லையா? 1960-களில் அமெரிக்காவில் ஒருவகை போன் வந்தது. துளையிட்ட பிளாஸ்டிக் அட்டையைச் செருகினால், அந்தத் துளைகளைப் படித்து அதுவே டயல் செய்யும். ஒரு அட்டைக்கு ஒரு நம்பர். பிறகு அட்டையின் இடத்தை மெமரி சிப் பிடித்தது. அலுவலக ஃபேக்ஸ் மெஷினின் ஒன் டச் பட்டன் அந்த வழியில் வந்ததுதான்.

பட்டனை அழுத்தியதும் மெஷின் லைனை எடுக்கிறது, டயல் டோன் கேட்கிறதா என்று பார்க்கிறது, சேமித்த எண்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறது. பல்ஸ் முறை என்றால் லைனை நொடிக்குச் சுமார் பத்து முறை விட்டுவிட்டுத் துண்டிக்கும். 4-க்கு நாலு தடவை, 0-க்குப் பத்துத் தடவை. அப்படியே ஸ்ட்ரோஜர் கருவிக்கான மொழி! 1963-ல் அறிமுகமான டோன் முறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஒலி. வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டிய அலுவலகம் என்றால், நம்பரைச் சேமிக்கும்போதே 9 போட்டு, அடுத்து பாஸ் பட்டனையும் அழுத்திச் சேமிக்கணும். இல்லாவிட்டால் வெளி லைன் கிடைக்கும் முன்பே மெஷின் எண்களை அனுப்பிவிடும்.

இங்கேதான் ஸ்ட்ரோஜரின் கேள்வி நம்மிடமே திரும்பி வருகிறது. பழைய ஆபரேட்டருக்கு ஊரைத் தெரியும். டாக்டர் வீடு மாறிவிட்டார், அந்தக் கடையை மூடிவிட்டார்கள் என்று அவரால் சொல்ல முடியும். மெஷினுக்கு அது தெரியாது. ஒன் டச் பட்டனில் ஒரு இலக்கம் தப்பாகப் பதிந்திருந்தால், நோயாளியின் ரிப்போர்ட்டோ சம்பளப் பட்டியலோ ஒவ்வொரு முறையும் அதே தப்பான இடத்துக்குத்தான் போகும். திருப்பிவிட்டார் என்று குற்றம் சொல்ல நடுவில் யாரும் இல்லை. எண்ணைப் பதிந்தவர் மட்டும்தான் பொறுப்பு.

அதனால், உங்கள் அலுவலகத்தில் ஃபேக்ஸ் இருந்தால் மூன்று வேலை செய்யுங்கள். புது நம்பரைச் சேமித்ததும் முக்கியமில்லாத ஒரு பக்கத்தை அனுப்பிப் பார்த்து, வந்து சேர்ந்ததா என்று போனில் கேளுங்கள். சேமித்த எண்களின் பட்டியலை மெஷினிலேயே பிரின்ட் எடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதை எடுத்து அவ்வப்போது சரிபாருங்கள். ஒவ்வொரு முறை அனுப்பிய பிறகும், வரும் ரிப்போர்ட்டில் எந்த எண்ணுக்குப் போயிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். தன் அழைப்பு எங்கே போகிறது என்று தெரியாமல் தவித்த ஸ்ட்ரோஜருக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் கிடைத்திருந்தால், அந்த ஆபரேட்டர் அம்மாவின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.