ஏரியின் அடியில் உயிர் தேடியவர்

ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோர்ஜ் நகரில் 1841 இல் பிறந்தவர் பிரான்சுவா அல்போன்ஸ் ஃபொரெல். மருத்துவம் படித்து லொசானில் பேராசிரியராக இருந்தவர்.

ஆழ்கடலின் அடியில் உயிர்கள் வாழுமா என்று அறிஞர்கள் வாதிட்ட காலம் அது. 1869 இல், மோர்ஜுக்கு எதிரே ஏரியின் ஆழத்திலிருந்து அவர் எடுத்த சேற்றில் சிற்றுயிர்கள் இருந்தன. பின்னர் சுமார் 300 மீற்றர் ஆழம்வரை தேடினார். கரையோரத்தில் வெளிச்சத்தையும் நீர்த்தாவரங்களையும் நம்பி வாழும் உயிர்கள்; குளிர்ந்து இருண்ட அடிச்சேற்றிலோ வேறொரு கூட்டம். புழுக்கள், சிறு நத்தைகள், பார்வையற்ற இறால் வகைச் சிற்றுயிர்கள். இவற்றுள் பல கரையிலிருந்து இறங்கி, இருளுக்கேற்ப மாறியவை என்பது அவரது முடிவு.

ஏரியியல் என்ற துறைக்கு அடித்தளமிட்ட அவரது மூன்று தொகுதி நூல் 1904 இல் நிறைவுற்றது. 1912 இல் மோர்ஜிலேயே மறைந்தார். பிறந்த ஊரின் நீரையே வாழ்நாள் முழுதும் படித்த இவரை, அந்தக் கரையில் வளரும் எமது பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.