கதிரை ஏறிய குட்டியும் கச்சேரித் துரையும்

நாய்க்குட்டி ஒன்றுக்கு முதலிற் கற்பிக்க வேண்டிய பாடம் எது என்பதில் ஒரு வீட்டார் அனைவரும் ஒரே கருத்துடையராய் இருத்தல் அரிது. திகனவில் எங்கள் இல்லத்துக்கு வந்த குட்டி, வந்த மூன்றாம் நாளே இவ்வுண்மையை எனக்கு உணர்த்திவிட்டது. கூடத்திலுள்ள சாய்மனைக் கதிரையில் அது ஏறிப் படுக்கும். நான் அதட்டி இறக்குவேன். சற்று நேரத்தில் என் பேத்தி அதே கதிரையில் அமர்ந்து அதனை மடியில் ஏற்றிக்கொள்வாள். ஒருநாள் மாலை, கதிரையின் பிரம்புப் பின்னல் கடித்துக் குதறப்பட்டிருக்கக் கண்டேன். சினம் மேலிட்டது. அலுமாரியின் பின்னே கிடந்த பழைய பிரம்பு, நான் தேடாமலே என் கைக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்த கையல்லவா? ஓங்கிய கையைப் பார்த்துக் குட்டி ஓடவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அக்கணத்தில், எங்கள் கண்டிக் கச்சேரியில் ஒரு காலத்தில் பணியாற்றிய லெனாட் வூல்ஃப் என்பாரின் வாழ்க்கை என் நினைவில் எழுந்தது. பிரம்பு கீழே தாழ்ந்தது.

வூல்ஃப் 1880ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1892இல் அவர் மறையவே, நிறைந்த செல்வத்தில் வளர்ந்த குடும்பம் சிக்கனத்துக்குப் பழகிற்று. அவருடைய பிள்ளைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை நான் மறக்க இயலாது. பிறந்து ஒருநாளேயான நாய்க்குட்டிகளை நீரில் அமிழ்த்திவிடும் வேலை சிறுவரான அவரிடம் விடப்பட்டது. கண் திறவாத ஒரு குட்டியை வாளித் தண்ணீரில் இட்டார். உருவமற்ற தசைப்பிண்டம் போலிருந்த அது, கால்களை அடித்து உயிருக்காகப் போராடத் தொடங்கிற்று. தாம் கடலில் மூழ்கினால் எவ்வாறு போராடுவாரோ அவ்வாறே அதுவும் போராடுகின்றது, தமக்குள் நான் என்று ஒன்று இருப்பது போலவே அதற்குள்ளும் ஒன்று இருக்கின்றது என்ற உணர்வு அவரைத் திடுக்கிட வைத்தது. முதுமையில் தம் வரலாற்றை எழுதியபோதும் அந்த வாளியை அவர் மறந்தாரில்லை.

கேம்பிரிட்ஜில் திரினிற்றிக் கல்லூரியிற் கற்றுத் தேறிய அவர், 1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைச் சிவில் சேவையிற் சேரக் கப்பலேறினார். அவருடைய பயணப் பொதிகளுள் வோல்தேயரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகள் இருந்தன. சார்ல்ஸ் என்னும் கம்பிமயிர் ‘ஃபொக்ஸ் டெரியர்’ நாயும் அவருக்குண்டு. அவர் வந்த கப்பல் நாய்களை ஏற்றாதாகையால், சார்ல்ஸ் வேறொரு கப்பலில் வந்து சேர்ந்தது. கொழும்பு வீதியில் இறங்கிய அந்த நாய், தூய வெள்ளாடை உடுத்து நின்ற சிங்களவர் ஒருவரை இலண்டனின் விளக்குக் கம்பமாகக் கருதிக் காலைத் தூக்கிவிட்டதாம்! அந்த மனிதர் சினந்தாரில்லை. ஓர் ஆங்கிலேயரின் நாய் என்பதற்காகப் பொறுத்தாரோ, நாய் என்பதற்காகவே பொறுத்தாரோ, நாம் அறியோம். ஆட்சிக்கு வந்த எசமானின் நாய் எந்தக் கதிரையில் ஏறினாலும் கேட்பார் இல்லாத காலம் அது.

1905 சனவரியில் அவர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். வடபகுதிப் புகையிரதப் பாதை அப்போது முற்றுப்பெறவில்லை. அனுராதபுரம் வரை புகையிரதம். அதன்பின் காட்டுவழியே மாட்டுவண்டி. யாழ்ப்பாணக் கச்சேரியில் அவர் பெற்ற பெயர் கண்டிப்பானவர் என்பதே. கோப்புகள் தேங்கக்கூடாது, கடிதம் வந்த நாளே மறுமொழி போகவேண்டும் என்றார். எழுதுவினைஞர்கள் வெறுத்தனர். பின்னர், தெருவிற் குதிரையேறிச் சென்றபோது தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்திற் சவுக்கால் அடித்தார் என்று அவர்மீது முறைப்பாடு எழுந்தது. உண்மையில், தெருவை ஆக்கிரமித்திருந்த விறாந்தைகளைச் சவுக்கினாற் சுட்டிக்காட்டி மேலதிகாரியோடு உரையாடிக்கொண்டிருந்தார், எவரையும் அடித்தாரில்லை. ஆயினும், நடவாத ஒன்றை மக்கள் எளிதில் நம்பியதேன் என்ற வினா அவரை விடவில்லை. குதிரைமேல் சவுக்கோடு அமர்ந்திருத்தலே ஓர் அவமதிப்பு என்பதை அவர் மெல்ல மெல்ல உணரலானார்.

1907 ஆகஸ்டிற் கண்டிக்கு வந்தார். ஓராண்டுக் காலம் அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளராக இருந்து, கண்டியச் சட்டப்படி அமைந்த மணவிலக்கு வழக்குகளையும் விசாரித்தார். குண்டசாலை வழியாகத் திகனவைக் கடந்து தெல்தெனியவுக்குச் செல்லும் எங்கள் பெருந்தெருவும், அதன் இருமருங்கும் உள்ள சிற்றூர்களும் அக்கச்சேரியின் ஆட்சிக்கு உட்பட்டவையே. 1908இல் பிரான்சின் முன்னாட் பேரரசி யூஜினி கண்டிக்கு வந்தபோது, தலதா மாளிகையிற் புனித தந்தத்தைக் காட்டும் ஏற்பாட்டைச் செய்தவரும் இவரே.

ஆனால், கண்டி அவருக்குத் தந்த பாடம் அதுவன்று. போகம்பறைச் சிறைச்சாலையில் மரணதண்டனை நிறைவேறும் வைகறைகளில், அரசின் சார்பில் அருகே நின்று காணும் கடமை அவருடையதாயிற்று. சுற்றிலும் மலைகள் பொன்னிறங் கொள்ளும் வேளை, நடுவே தூக்குமரம். அக்காட்சியை அவர் ஒருமுறையன்று, பலமுறை கண்டார். கண்ணை மூடிக்கொள்ளவும் அவருக்கு உரிமையில்லை. வாளித் தண்ணீரிற் கண்ட போராட்டமே அங்கும் அவர் கண்முன் நின்றிருக்கும் என்று நான் எண்ணுகின்றேன். மரணதண்டனையை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்தார்.

1908 ஆகஸ்டில், தம் 27ஆம் வயதில், அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். அங்கே கால்நடைகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று. நோய் பரவாதிருக்க மாடுகளைக் கட்டிவைக்க ஆணையிட்டார்; கட்டுக்கடங்காது திரிந்தவற்றைச் சுடவும் செய்தார். ஏழை உழவனுக்கு எருமையே உயிர். அதனைச் சுடுகின்றவன் எமன். நன்மைக்காகவே செய்தார், எனினும் மக்கள் அவரை நெஞ்சார வெறுத்தனர். 1911இல் விடுமுறையில் ஊர் சென்றவர், மறு ஆண்டு பதவியைத் துறந்தார். 1912 ஆகஸ்ட் 10இல் வர்ஜீனியா ஸ்டீபனை மணந்தார். 1913இல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்றின் அழிவைக் கருவாகக் கொண்ட நாவலை வெளியிட்டார். ஆளவந்த ஒருவர், ஆளப்பட்டவரின் உள்ளத்துள் நின்று எழுதிய நூல் அது.

பின்னைய வாழ்வு இலக்கிய உலகம் அறிந்ததே. 1917இல் மனைவியோடு சேர்ந்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினார். மனைவியின் மனநோயைப் பல்லாண்டுகள் காவலிருந்து கவனித்தார். 1941இல் அவரை இழந்தார். நாய் இல்லாத வீடு அவருக்கு வீடாகத் தோன்றியதில்லை. 1926இல் பிங்கா என்னும் ஸ்பானியல் வந்தது. 1934இல் மிற்ஸ் என்னும் சின்னஞ்சிறு குரங்கும் வந்து அவர் தோளிற் குடியேறியது. அதன் அசுத்தம் அவர் மேற்சட்டையின் முதுகில் வழியும்; அதனையும் பொறுத்தார். மறு ஆண்டு ஹிட்லரின் ஜெர்மனியூடாக இந்த யூதர் காரோட்டிச் சென்றபோது, தோளிலிருந்த குரங்கைக் கண்டு நாசிக் கூட்டத்தார் ஆரவாரித்து வழிவிட்டனராம்!

1960இல், எண்பதை அண்மிய வயதில், அவர் மீண்டும் இலங்கைக்கு வந்தார். எங்கும் வரவேற்பு. ஆனால் அம்பாந்தோட்டைக் காலத்தில் அவரின்கீழ்ப் பணியாற்றிய முதியவர் ஒருவர் அவரைத் தேடிவந்து, அந்தக் கால்நடை நோய்க் காலத்தில் தம்மைத் தண்டித்தது நியாயந்தானா என்று கேட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒருவர் நெஞ்சிற் சுமந்திருந்த வினா அது. நியாயமே என்றார் வூல்ஃப். 1969 ஆகஸ்ட் 14இல் அவர் மறைந்தார்.

அவர் மறுமொழியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். சட்டத்தின்படி அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால், அடி வாங்கியவன் அரை நூற்றாண்டு கழித்தும் கேட்கின்றான் என்றால், தண்டனை போய்ச் சேர்ந்தது. அதன் காரணம் போய்ச் சேரவில்லை என்பதன்றோ பொருள்? என் பிரம்பைத் தாங்கிய பிள்ளைகளுள் எத்தனைபேர் இவ்வாறு ஒரு வினாவைச் சுமந்துகொண்டு திரிகின்றனரோ! அவர்களில் ஒருவர் என் வாசலில் வந்து நின்று கேட்டால், வூல்ஃபைப் போல உறுதியாக மறுமொழி சொல்ல என் நா எழாது.

அன்றிரவு வீட்டாரைக் கூட்டி ஒரு முடிவு செய்தோம். கதிரை யாருடைய மடியிலிருந்தும் குட்டிக்கு இல்லை. பேத்தியும் அதற்கு உடன்பட்டாள். கதிரையின் அருகே பழைய சாக்கை மடித்து அதற்கென ஓர் இடம் அமைத்தோம். ஏற முயன்றால், அடியின்றி, கூச்சலின்றி, கீழே அழைத்தோம். சாக்கில் அமர்ந்தவுடன் ஒரு துண்டு பாணும் அன்பான தடவலும் கொடுத்தோம். கடிப்பதற்குத் தேங்காய் மட்டை ஒன்றும் கொடுத்தோம். பற்கள் முளைக்கும் பருவத்துக் குட்டி எதையேனும் கடிக்காமல் என் செய்யும்? இன்று ஏற விட்டு நாளை அடித்தால், எது குற்றம் என்று அதற்கு எவ்வாறு விளங்கும்?

சில வாரங்களிற் குட்டி பாடம் கற்றது. கதிரைக்கு மறுபடி பின்னல் போட்டோம். பிரம்பை நான் அடுப்பில் இடவில்லை. பேத்தி அதனைத் தோட்டத்திற் பயற்றங்கொடிக்கு ஊன்றிவிட்டாள்.